மூடி திறந்தே ஓடுது

உள்ள வாங்க மேடம். செருப்பு அங்கனயே கெடக்கட்டும். அந்தச் சேரைச் சுவரோட ஒட்டிப் போட்டு உக்காருங்க, ஒரு காலு ஆடும். காப்பி போடட்டுமா? வேண்டாமா? சரி. கேமராவை மட்டும் இப்பப் பைக்குள்ள வச்சிருங்க. கோவிச்சுக்கிறாதீங்க. போட்டோ எடுக்கிறதா வேண்டாமாங்கிறதை நான் சொல்லி முடிச்சப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

போன்ல சொன்னீங்க. உங்க சங்கத்துப் புத்தகத்துல சின்னக் கம்பெனிகளைப் பத்திப் போடுறோம், உற்பத்தியைக் கூட்டுன தொழிலாளிகளைப் பாத்து எழுதுறோம்னு. அந்தக் கற்பகவள்ளி நான்தான். அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான். இல்லேன்னு சொல்லல.

கம்பெனியில கேட்டிருந்தா நான் காய்ச்சல்ல லீவுன்னு சொல்லியிருப்பாக. காய்ச்சல்னு சொல்லித்தான் போட்டேன். இன்னையோட ஒம்பது நாளு. காய்ச்சல் இல்ல, வேணும்னா தொட்டுப் பாருங்க. பயம். பயமா இருக்குன்னு சொன்னா யாராச்சும் லீவு குடுப்பாகளா?

நான் பயந்தாங்கொள்ளி இல்ல மேடம். அதை மொதல்ல எழுதிக்கிருங்க. போன மழைக்கு இந்த வீட்டுக்குள்ள நல்ல பாம்பு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டாரு. நான்தான் வெளக்குமாத்துக் கட்டையால தள்ளித் தள்ளி வெளிய விட்டேன். அப்படிப்பட்டவதான்.

எங்களது பேண்டேஜ் கம்பெனி. இங்க சத்திரப்பட்டியில தெருவுக்குத் தெரு அதுதான். எங்க கம்பெனி சின்னது, பதினெட்டுப் பேரு. முதலாளி சேதுராமன். நல்ல மனுசன். அதையும் எழுதிக்கிருங்க. ஒருத்தரையும் வாடி போடின்னு பேச மாட்டாக. எம் மகளுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அவுக கார்லதான் ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனாக.

முன்னாடியெல்லாம் துணியைச் சின்ன மிஷின்ல சுத்திக் கையால அறுப்போம். அது பத்தலன்னு போன ஆடியில முதலாளி பேங்குக் கடன்ல புது மிஷின் எறக்குனாக. ஆள் நீளத்துக்குச் சுத்துன துணிச் சுருளை அதுல படுக்க வச்சிரணும். தோசைக்கல்லு அகலத்துக்கு ஒரு வட்டப் பிளேடு. அது சுத்திக்கிட்டே வந்து நாலு இஞ்சு நாலு இஞ்சா நறுக்கிப் போட்டுட்டுத் திரும்ப மூலைக்குப் போயிரும். மேல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி. மூடியைத் திறந்தா பிளேடு நின்னுரும், மூடுனாத்தான் சுத்தும். அதுக்குன்னு மூடி ஓரத்துல ஒரு சென்சர் வச்சிருக்காங்க. நம்ம கைக்காக வச்சது.

நாலு பேரை நிக்க வச்சுப் பாத்துட்டு, கற்பகம்தான் சரின்னு முதலாளி என்னைய அந்த மிஷினுக்குப் போட்டாக.

ஒவ்வொரு சுருளுக்கும் மூடியைத் திறக்கணும், நறுக்குனதை அள்ளணும், அடுத்ததை வைக்கணும், மூடணும். திறந்தா பிளேடு நிக்க அரை நிமிசம். மூடுனா வேகம் எடுக்க அரை நிமிசம். அதுலயே ஒரு நிமிசம் போயிரும். ஷிப்ட்டு முழுக்க ஓட்டுனாலும் நூத்தம்பது சுருளுதான் வரும். வாசல்ல வெள்ளைப் பலகையில முதல்நாள் கணக்கை எழுதிப் போடுவாக. நூத்தம்பது. நூத்து நாப்பத்தெட்டு. நூத்தம்பத்தொண்ணு. முதலாளி அந்தப் பலகையைப் பாத்துக்கிட்டே நிப்பாக. மாசிக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆர்டரு. முடிக்கலேன்னா அடுத்த ஆர்டரும் போயிரும், மிஷினும் போயிரும்னு அவுக யார்கிட்டயோ போன்ல சொல்றது எங்களுக்கும் கேக்கும்.

ஐப்பசியில ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு வந்தாக. உங்க சங்கத்துக் கூட்டமாத்தான் இருக்கும். வந்த மறுநாளு ஒரு அட்டைப்பெட்டியில ஓட்டையைப் போட்டு, யோசனைப் பெட்டின்னு எழுதி வச்சாக. தொழிலாளி சொல்ற யோசனையில நல்லதுக்குப் பரிசுன்னாக. என்ன விழுந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஃபேன் போடுங்க. டீயை ஸ்ட்ராங்கா போடுங்க. கக்கூசுக்குத் தாப்பா போடுங்க. முதலாளி படிச்சுப் படிச்சு ஓரமா வச்சாக.

எனக்கு இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னா, மெக்கானிக் அருளப்பன் அண்ணே ஒருநா சர்வீஸ் பாத்துக்கிட்டிருந்தாரு. மூடி திறந்து கெடக்கு, பிளேடு சுத்துது. "என்னண்ணே, திறந்துருக்கு, ஓடுது?"ன்னேன். சென்சர்ல ஒட்டியிருந்த ஒரு காந்தத்தைக் காட்டுனாரு. "இதை வச்சா மூடி மூடியிருக்குன்னு மிஷின் நினைச்சுக்கிரும். அதுக்கென்ன கண்ணா இருக்கு?"ன்னாரு. கையோட, "சர்வீஸுக்கு மட்டுந்தான்மா. நீங்க யாரும் வைக்கப்படாது"ன்னும் சொன்னாரு. சொன்னாருதான். நான் மறைக்கல.

எம் மக நாலாவது படிக்கிறா. அவ பென்சில் டப்பா ஒண்ணு ஒடைஞ்சு கெடந்துச்சு. அதோட மூடியில ஒரு காந்தம். அதைப் பிச்சு எடுத்துட்டுப் போனேன். ஒரு நாளு வச்சுப் பாப்பமேன்னுதான். யாருகிட்டயும் சொல்லல.

அன்னைக்கு எரநூத்து இருவத்தாறு.

மறுநாக் காலையில பலகையைப் பாத்துட்டு முதலாளி நேரா எங்கிட்ட வந்து நின்னாக. காந்தத்தைப் பாத்தாக. பிளேடைப் பாத்தாக. என்னையப் பாத்தாக. திட்டப் போறாகன்னு நினைச்சேன். திட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

"இதை எழுதிப் பெட்டியில போட்டியாம்மா?"ன்னு கேட்டாக.

"இல்ல முதலாளி."

"போடு"ன்னாக.

எழுதிப் போட்டேன். கார்த்திகை மாசம் எல்லாரையும் நிக்க வச்சுக் கைதட்டி எனக்குக் குக்கரு குடுத்தாக. அந்தா மேல இருக்கு பாருங்க, அட்டையோட. என் போட்டோவைப் பெருசாக்கி, வாசல்ல பலகையை ஒட்டி, வருகைக்குக் கைரேகை வைக்கிற மிஷினுக்கு மேல மாட்டுனாக. எங்க வீட்டுக்காரரு அதைப் போன்ல எடுத்துட்டு வந்து தெரிஞ்சவுக எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல என்னையப் பத்தி அவரு நாலு பேருகிட்டப் பேசுனது அதுதான் மொதத் தடவை. அவரு பேசுறதை நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லுவானேன்.

அப்பறம் எரநூத்து முப்பதுதான் கணக்குன்னு ஆயிப்போச்சு. அதுக்குக் கொறஞ்சா ஏன்னு கேக்க ஆரம்பிச்சாக. நான் கண்டுபிடிச்ச கணக்கு, எங்கிட்டயே ஏன்னு கேட்டாக.

மார்கழியில ஒருநா. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. நறுக்குனதை அள்ளிப் பெட்டியில போடுறேன், ஒரு ரோல் மேல என்னமோ ஒட்டியிருக்கு. நொய்யரிசி மாதிரி. தட்டி விடப் போனேன். பாத்தா நகம்.

என் நகம் மேடம். இந்த வெரல்ல. நேரா, நெயில்கட்டர்ல வெட்டுன மாதிரி. ரத்தம் இல்ல, வலி இல்ல, எப்ப வெட்டுச்சுன்னே தெரியல. பிளேடு மூலையில இருக்குன்னு நான் நினைச்ச நேரத்துல அது என் வெரல் மேல போயிருக்கு. போயிட்டு வந்திருக்கு. எனக்குத் தெரியாம.

நின்ன இடத்துலயே வெரலை எண்ணுனேன். பத்து. திரும்ப எண்ணுனேன். அந்த ரோலைச் சாப்பாட்டுப் பைக்குள்ள ஒளிச்சு வச்சேன். அப்பறம் என்ன செஞ்சேன்னு கேளுங்க. அடுத்த சுருளைத் தூக்கி வச்சேன். அன்னைக்கும் எரநூத்து முப்பது முடிச்சிட்டுத்தான் வந்தேன்.

அன்னையில இருந்து பிடிச்சது. மிக்சி ஓடுனா வாசலுக்குப் போயிருவேன். எங்க வீட்டுக்காரரு தேங்கா ஒடைச்சா கண்ணை மூடிக்கிருவேன். மகளைக் குளிக்க வைக்கிறப்ப அவ வெரலை எண்ணுவேன். "என்னம்மா, தெனமும் எண்ணுறே, கொறஞ்சா போயிருக்கு?"ன்னு அவ சிரிப்பா. எனக்குத் தண்ணிச் செம்பு கைய விட்டு நழுவும். மிஷின்கிட்டப் போறப்ப காலு பின்னாடி இழுக்கும். நிசமாவே இழுக்கும், சேத்துல நடக்கிற மாதிரி.

காந்தத்தை எடுத்துட வேண்டியதுதானன்னு கேப்பீங்க. எடுத்தா நூத்தம்பது. பலகையில எல்லாரும் பாப்பாக. மேல என் போட்டோ தொங்குது, கீழ நூத்தம்பதுன்னு எழுதியிருக்கும். எப்படி மேடம்?

அதனால இடுப்பு வலின்னு சொன்னேன். நிக்க முடியல, பேக்கிங்குக்குப் போயிர்றேன்னேன். முதலாளி உடனே சரின்னுட்டாக. என் இடத்துக்கு யாருன்னு கேட்டாக. தங்கமாரின்னு சொன்னேன்.

தங்கமாரி பேக்கிங்ல இருந்தவ. இருவத்தாறு வயசு. வீட்டுக்காரரு கேரளாவுல கட்டட வேலை. வாயாடி. ஒரு எடத்துல ரெண்டு நிமிசம் பாத்துக்கிட்டு இருக்க மாட்டா. எவ தும்முனாலும் திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும் அவளுக்கு. மிஷினுக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஆசை. மிஷின் ஆளுன்னா ஒரு மருவாதி இருக்குல்ல. "அக்கா, எனக்கா? நெசமாவா?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மறுநாளு அரைக்கிலோ அல்வா வாங்கிட்டு வந்து குடுத்தா. கம்பெனியில எல்லாரும், கற்பகத்துக்குப் பெரிய மனசு, கெடைச்ச இடத்தை விட்டுக் குடுத்துட்டாள்னு பேசுனாக.

அவளுக்கு மூணு நாளு நான்தான் சொல்லிக் குடுத்தேன். காந்தத்தை எங்க வைக்கணும்னும் காட்டுனேன். காட்டாட்டி அவளுக்கு நூத்தம்பதுதான வரும்? கற்பகத்துக்கு வந்துச்சு உனக்கு ஏன் வரலன்னு அவளைத்தான கேப்பாக? அவ நல்லதுக்குத்தான் காட்டுனேன். பாத்து வேலை பாருடின்னும் சொன்னேன். ஒரு தடவை இல்ல, நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"நீங்க கண்டுபிடிச்சதுதானக்கா, நீங்களே பயப்படுறீங்க"ன்னு சிரிப்பா.

நகத்தைப் பத்தி அவகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா பயந்துக்கிருவாளேன்னு விட்டுட்டேன்.

பேக்கிங் டேபிளுக்குப் போனா பயம் போயிரும்னு நினைச்சேன். போகல மேடம். கூடிருச்சு. டேபிள்ல நான் மிஷினுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருப்பேன். பாக்க முடியாது. சத்தம் மட்டும் கேக்கும். பிளேடு வர்ற சத்தம், நறுக்குற சத்தம், திரும்பிப் போற சத்தம். பெறகு அவ பேசுற சத்தம். பேச்சுச் சத்தம் கேட்டா, திரும்பிட்டாள்னு அர்த்தம். அடுத்த நறுக்குச் சத்தம் வர்ற வரைக்கும் மூச்சு விட மாட்டேன். ஒரு நாளைக்கு எரநூத்து முப்பது தடவை.

மாசி மொத வாரம் முதலாளி ரூமுக்குப் போனேன். சொல்லிரணும்னுதான் போனேன். கும்பிட்டுட்டு நின்னேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவுகளே, "நல்லவேளை வந்தேம்மா. நாளைக்கு ஆர்டர் குடுத்தவுக மிஷினைப் பாக்க வர்றாக. நாளைக்கு மட்டும் அந்தக் காந்தத்தை எடுத்து வச்சிரச் சொல்லு"ன்னாக.

கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்.

"என்னம்மா, வேறென்ன?"

"ஒண்ணுமில்ல முதலாளி"ன்னுட்டு வந்துட்டேன்.

ஆக, அது ஆபத்துன்னு அவுகளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இருக்கு. எனக்கு அப்பத்தான் ரொம்பப் பயம் வந்துச்சு. ஆபத்துன்னு பெரியவுகளுக்குத் தெரியல, தெரிஞ்சா நிப்பாட்டிருவாகன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்திருக்கு போல. அது அன்னையோட போச்சு.

மறுநாளு மூடியை மூடி மூடி ஓட்டுனா தங்கமாரி. வந்தவுக பாத்தாக, நல்லா இருக்குன்னாக, டீ குடிச்சாக. அன்னைக்கு ஒருநாதான் மேடம், நான் முதுகைக் காட்டிக்கிட்டு நிம்மதியா வேலை பாத்தேன். பக்கத்துல இருந்தவகூடச் சிரிச்சுப் பேசுனேன். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவுக காரு கெளம்புச்சு. முதலாளி என் டேபிள் பக்கமா வந்தாக. நின்னுகூடப் பேசல, நடந்துக்கிட்டே, "கற்பகம், அதை வச்சிரும்மா"ன்னாக.

காந்தம் எங்கிட்டதான் இருந்துச்சு. முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். எந்திரிச்சுப் போயி வச்சேன். தங்கமாரி வச்சிருக்கலாம், வேற யாராச்சும் வச்சிருக்கலாம். நான்தான் வச்சேன். இந்தக் கையால. முதலாளி சொன்னப்பறம் எப்படி மாட்டேங்கிறது?

ஆர்டரு மாசிக்குள்ள முடிஞ்சுச்சு. அடுத்த ஆர்டரும் வந்துருச்சு. எல்லாருக்கும் பிரியாணி போட்டாக. முதலாளி முகம் அப்பத்தான் தெளிஞ்சுச்சு. அவுக அப்பாவுக்கப்பறம் கம்பெனி மூடிருமோன்னு ரெண்டு வருசமாத் தூங்கலம்மான்னு எங்களுக்கு முன்னாடியே சொன்னாக. நாங்க பதினெட்டுப் பேரும் அதைக் கேட்டு அழுதோம்.

போன வாரம் செவ்வாக்கெழமை, காலையில டீ வந்த நேரம்.

எல்லாரும் என்ன சொல்றாகன்னு மொதல்ல சொல்லிர்றேன். கற்பகம் கத்துனா, அதனாலதான் தங்கமாரி கை தப்பிச்சுச்சு, இல்லேன்னா மணிக்கட்டோட போயிருக்கும். அப்படித்தான் சொல்றாக. முதலாளி சொல்றாக, எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, தங்கமாரியும் அதைத்தான் சொல்றா. ரெண்டு வெரலோட போச்சேன்னு எங்கிட்டயே கையெடுத்துக் கும்பிட்டா.

நான் உங்ககிட்டச் சொல்றேன் தாயி. வேற யாருகிட்டயும் இன்னும் சொல்லல.

டீக்காரரு உள்ள வந்தாரு. தங்கமாரி அவருகிட்ட என்னமோ வம்பிழுத்தா. பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். நறுக்குச் சத்தம் வரணும். வரல. எம்புட்டு நேரம்னு தெரியல, வரவேயில்ல. எனக்குள்ள என்னமோ அறுந்துருச்சு. திரும்பி, "கையை எடுடீ!"ன்னு கத்திட்டேன்.

அவ கை வெளியதான் இருந்துச்சு.

டீ டம்ளரை வாங்கிக்கிட்டு சும்மாதான் நின்னுக்கிட்டிருந்தா. என் சத்தத்துக்குத் தூக்கிப்போட்டு, டீயை விட்டு, சாயப்போயி, விழாம இருக்க, மூடி திறந்து கெடந்த மிஷினுக்குள்ள கையை ஊணுனா. அப்பத்தான்.

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

ஓடிப் போனேன். மிஷினை நிப்பாட்டுற சிவப்புப் பட்டனை அடிச்சேன். அவளைப் பிடிச்சு உக்கார வச்சேன். அங்க என்ன இல்லேன்னாலும் துணிக்குப் பஞ்சமில்ல. கைக்குக் கெடைச்ச ரோலை எல்லாம் பிரிச்சுச் சுத்துனேன். எல்லாரும் ஓடி வர்றாக. அந்த நேரத்துல, எனக்கே ஏன்னு தெரியல, என் கை போயி காந்தத்தைப் பிச்சு இடுப்புல சொருகிக்கிருச்சு. ஒரு கை அவளைப் பிடிச்சிருக்கு, ஒரு கை அதைப் பிச்சுக்கிட்டிருக்கு. பென்சில் டப்பாக் காந்தம்தான், எம் மக பேரு ஸ்டிக்கர் வேற பாதி ஒட்டியிருக்கு. போலீசு வரும், மகளை விசாரிப்பாகன்னு என்னென்னமோ ஓடுச்சு மனசுல.

முதலாளி கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. அவுக சட்டை பூரா ரத்தம். அழுதுக்கிட்டே ஓட்டுனாக. செலவு அத்தனையும் அவுகதான். நல்ல மனுசன்னு சொன்னேன்ல.

மறுநாளு நான் காய்ச்சல்னு படுத்துட்டேன்.

கேளுங்க, இனிமேதான் விசயமே. அருளப்பன் அண்ணே வந்து மிஷினைப் பாத்திருக்காரு. காந்தத்தைக் காணோம். அவரும் முதலாளியும் உக்காந்து யோசிச்சிருக்காக. யோசிச்சு என்ன கண்டுபிடிச்சாக தெரியுமா? காந்தம் ஓட்டத்துல அசைஞ்சு கீழ விழுந்திருக்கு, அதனால மிஷின் நின்னு திடீர்னு உதறியிருக்கு, அதுலதான் அவ தடுமாறிட்டா. கொறை காந்தம் விழுந்ததுலதான்னு முடிவு பண்ணிட்டாக. அதனால இனிமே விழாத மாதிரி பண்ணிரணும்னு, பெரிய காந்தமா வாங்கி, தகடு வச்சு, ரெண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கிட்டாக. இனி யாரு நினைச்சாலும் எடுக்க முடியாது. வெளியாளுக மிஷினைப் பாக்க வர்ற அன்னைக்கு மட்டும் மூடியைத் திறந்தா பிளேடு நிக்கிற மாதிரி காட்டிக்கிறலாம்னு, அதுக்கும் அருளப்பன் அண்ணே ஒரு வழி வச்சிருக்காராம்.

எங்க வீட்டுக்காரரு இதை எங்கிட்டச் சந்தோசமா வந்து சொல்றாரு. "உன் யோசனையை நிரந்தரமாக்கிட்டாக"ன்னு.

அது விழல தாயி. விழவேயில்ல. என் இடுப்புல இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே கொண்டுபோயிக் கிணத்துல போட்டுட்டேன். நான் அதை எடுக்காம விட்டிருந்தா, கண்ணு முன்னாடி இருந்திருக்கும், இதனாலதான்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருப்பாக. நான் எடுத்ததுனால அவுக தப்பாக் கண்டுபிடிச்சிட்டாக.

நேத்து தங்கமாரியைப் பாக்கப் போனேன். எட்டு நாளா வீட்டை விட்டு வெளிய போகாதவ, நேத்துப் போனேன். சொல்லிரணும்னுதான். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிட்டுப் போனேன். கையில பெரிய கட்டு. நம்ம துணிதான். அவ அதைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களாக்கா, நம்ம கம்பெனி சரக்கு. நானே நறுக்குனதாக்கூட இருக்கும்"னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பை எப்படித் தாங்குறதுன்னு எனக்குத் தெரியல.

"தங்கமாரி, அன்னைக்கு நான் கத்துனது…"ன்னு ஆரம்பிச்சேன்.

"தெய்வமாக் கத்துனீங்க. பேசாதீங்கக்கா, எனக்கு அழுகை வருது. தப்பு எம்பேருலதான். வேலை நேரத்துல எனக்கென்ன பேச்சு? முதலாளியும் அதைத்தான் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்காக."

"கையெழுத்தா? எதுல?"

"கவனக்கொறவுன்னு எழுதியிருந்துச்சு. நெசந்தானக்கா?"

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவதான் மேல பேசுனா. கட்டுப் பிரிச்சப்பறம் பேக்கிங்ல எடுத்துக்கிறேன்னு முதலாளி சொல்லியிருக்காகளாம். மிஷினுக்கு அவ தங்கச்சி செல்வராணி வர்றாளாம். கோயமுத்தூரு மில்லுல இருந்தவ, ஆறு மாசக் கைக்குழந்தை வச்சிருக்கா. வீட்டுல ஒருத்தருக்காவது வேலை இருக்கட்டும்னு முதலாளி தானாவே கேட்டாகளாம். "நாளைக்குச் சேர்றாக்கா. காய்ச்சல் விட்டுருச்சுன்னா நீங்களே பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க. உங்க கை ராசியான கை"ன்னா.

அந்தப் பிள்ளை செல்வராணி அங்கனதான் உக்காந்து குழந்தைக்குச் சோறு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. அவ வெரலைப் பாத்தேன். பாக்காம இருக்க முடியல. சோத்தை மையா நசுக்கிக்கிட்டிருந்துச்சு அஞ்சு வெரலும்.

நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க?

சரின்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து காலையில நாலு தடவை சேலை மாத்துனேன். போவோம், போயிச் சொல்லிருவோம்னு ஒரு தடவை. சொன்னா என்ன ஆகும்னு ஒரு தடவை. ஆர்டரு போகும், பதினெட்டுக் குடும்பம் போகும், முதலாளி ஜெயிலுக்குப் போவாகளா என்னன்னு தெரியாது. எங்க வீட்டுக்காரரு என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. நான் கத்துனதாலதான் அவ கை உள்ள போச்சுன்னு தங்கமாரிக்குத் தெரிஞ்சிரும். அதை நினைச்சா எந்திரிக்க முடியல. அப்படியே உக்காந்திருந்தேன். அப்பத்தான் நீங்க கதவைத் தட்டுனீங்க.

அழுகாதீங்க தாயி, நீங்க எதுக்கு அழுகுறீங்க? நீங்க எழுதுங்க. நீங்களே எழுதிருங்களேன். என் பேரைப் போடாம. ஒரு கம்பெனியில இப்படி நடக்குதாம்னு பொதுவா… அப்படி எழுதுனா ஆகாதா? எப்ப வரும் புத்தகம்? அடுத்த மாசமா?

அடுத்த மாசம்.

மணி என்ன இப்ப? பத்தே காலா? செல்வராணி எட்டு மணிக்கே ஷிப்ட்டு ஏறியிருப்பா. யாரு சொல்லிக் குடுக்கிறாகளோ. இந்நேரம் அறுவது சுருளாவது ஆகியிருக்கும். புது ஆளு, அம்பதுன்னு வச்சுக்கிருங்க. அம்பது தடவை அந்தக் கை உள்ள போயிட்டு வந்திருக்கு. பதினோரு மணிக்கு டீ வரும்.

உங்க வண்டி வெளிய நிக்குதுல்ல? அதுல ரெண்டு பேரு போகலாமா?

இருங்க, கதவைப் பூட்டிக்கிறேன். இல்ல, பூட்டு கெடக்கட்டும், பூட்டத் தேடுனா நேரமாயிரும். நீங்க எங்கூட உள்ள வர வேண்டாம், கேட்டுல விட்டாப் போதும். முதலாளி ரூமுக்கு இல்ல. நான் நேரா மிஷினுக்குத்தான் போவேன், மொதல்ல சிவப்புப் பட்டனை அடிச்சிட்டு அப்பறம்தான் பேசுவேன். எல்லாருக்கும் முன்னாடி. அந்தப் பிள்ளை கையைத் தள்ளி வச்சப்பறம். இந்தத் தடவை கத்த மாட்டேன்.

உங்க தோளைப் பிடிச்சுக்கிறேன். வலிச்சா சொல்லுங்க.

நேராப் போயி தண்ணித் தொட்டிகிட்ட எடது பக்கம் திரும்பணும். எடுங்க வண்டியை. வழியில நான் எறங்கிக்கிறேன்னு சொல்லுவேன். சொல்லுவேன், எனக்கு என்னையத் தெரியும். நிப்பாட்டாதீங்க.